பஞ்சுத் தூசியில் காய்ந்த பால்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், நூல் மில்லின் பஞ்சுத் தூசியும் சாணமும் போட்டு நானே எடுத்த எரிவாயுவில் 2 லிட்டர் பால் 11 நிமிடத்தில் பொங்கி வந்தது. வாயு சேரும் டிரம் சரியாக 10 செ.மீ. இறங்கியிருந்தது. அம்மா முதல் டம்ளரை என் கையில் கொடுத்து, "பஞ்சு வாசம் வருதான்னு பாரு கண்ணு" என்றாள். வரவில்லை. ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, 13,680 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது, நடுவில் உருப்படாமல் போன முயற்சிகள் வேறு. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

பல்லடம் பக்கம் தோட்டம். தென்னை 40, மாடு இரண்டு. அதற்கு முன்பு 11 வருஷம் ஒரு நூல் மில்லில் மிக்ஸிங்கிலும் (பஞ்சைக் கலக்கிற இடம்) ப்ளோரூமிலும் (பஞ்சை உதறித் தூசி தட்டுகிற இடம்) வேலை பார்த்தேன். பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரிக்கிற இடத்திலிருந்து நாரைச் சீவுகிற கார்டிங் வரைக்கும் பஞ்சில் ஏதாவது கழிந்துகொண்டேதான் இருக்கும். அதில் பெரும்பகுதிக்கு ஆள் உண்டு. கோம்பர் கழிவு, கார்டிங் ஸ்ட்ரிப்ஸ் எல்லாம் கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டுகிற ஓஇ மில்லுக்குப் போய் மறுபடியும் நூலாகிவிடும். கடைசியாக ஃபில்டரில் தங்குகிற தூசி இருக்கிறதே, இலைச் சருகும் விதைத் தோலும் மண்ணும் அரை இஞ்ச்கூட இல்லாத நாரும் கலந்த சாம்பல் நிறக் குப்பை, அதைத்தான் யாரும் சீந்துவதில்லை. மில்லுக்குப் பின்னால் குவித்துப் போடுவார்கள், மழை பெய்தால் நாறும், காற்றடித்தால் பறக்கும்.

அதிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. மும்பையில் உள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலேயே வில்லோ தூசியில் (கழிவுப் பஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்கிற வில்லோ எந்திரத்தில் கழியும் தூசி) சாண எரிவாயு போலவே வாயு எடுத்துக் காட்டிவிட்டது. ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பிறகுதான். நான் ஆரம்பித்தது தூசியில் இல்லை, துணியில்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்யும் மச்சான் ஒருநாள் அரை லிட்டர் பயோ வாஷ் என்சைம் கொண்டுவந்தான். பனியன் துணியில் மேலே நிற்கிற பொசுபொசு நாரைத் தின்று வழவழப்பாக்குகிற மருந்து. பருத்தி நாரே செல்லுலோஸ்தான், அதைத் தின்கிறது என்றால் துணியையே சர்க்கரையாக்கிவிடுமே, சர்க்கரை ஆகிவிட்டால் எத்தனால் (எரிசாராயம்) எவ்வளவு தூரம் என்று எனக்கு ஓர் ஆசை. பனியன் வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுத் துணி, அதாவது கட்டிங் வேஸ்ட், வெள்ளையில் 500 கிராம், தண்ணீர் 10 லிட்டர். அசிட்டிக் ஆசிட் விட்டு பிஹெச் 5-க்குக் கொண்டுவந்து, 52 டிகிரிச் சூட்டில் தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு நாள் முழுக்க வைத்தேன். சூடு இறங்க இறங்க வெந்நீர் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துணிக்கு வெந்நீர் வைத்த ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க முன்பு வாங்கிய பெனடிக்ட் கரைசல் வீட்டில் மிச்சம் இருந்தது. ஒரு சோதனைக் குழாயில் அதை 5 மில்லி ஊற்றி, பெட்டித் தண்ணீரில் 8 சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். செங்கல் நிறம் வந்தால் நிறையச் சர்க்கரை. எனக்கு வந்தது நீலத்திலிருந்து லேசான பச்சை, அவ்வளவுதான். துணியை அலசிக் காயவைத்து எடை போட்டால் 479 கிராம். மச்சானிடம் சொன்னதற்குச் சிரித்தான். "நாலு பர்சென்ட்டா? எங்களுக்கு அதுக்கு மேல போனா பையர் துணியத் திருப்பி அனுப்பிருவானுங்க மாமா." மேலாகக் கொறிப்பதற்கென்றே செய்த மருந்தை வயிறார உண்ணச் சொன்னால் எப்படி? தவிர, சர்க்கரை கிடைத்தே இருந்தாலும் அதை நொதிக்க வைத்து வீட்டில் வடித்தால் அது சாராய வழக்கு. எத்தனாலை அங்கேயே விட்டேன்.

சரி, என்சைம் வாங்கித் தின்ன வைப்பதைவிட, தானாகவே தின்கிற கிருமி மாட்டு வயிற்றில் இருக்கிறதே என்று தோன்றியது அதற்கப்புறம்தான். சோளத்தட்டைத் தின்று செரிக்கிற மாட்டின் சாணத்துக்குப் பஞ்சு ஒரு பொருட்டா?

கலன் கட்டினேன். அப்புச்சி தோட்டத்தில் 80களில் போட்ட சாண எரிவாயுத் தொட்டி ஒன்று இருந்தது. கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகப் பரப்பிய மிதக்கும் டிரம் மாதிரி. இரும்பு டிரம் துருப்பிடித்து ஓட்டையாகி, கடைசியில் அதில் கோழி அடைந்தது. அதே வேலையைப் பிளாஸ்டிக்கில் செய்தேன். வெளியே பழைய 1000 லிட்டர் தண்ணீர் டேங்க், மேல்பக்கம் அறுத்தது, 2,600 ரூபாய். உள்ளே தலைகீழாகக் கவிழ்த்த 750 லிட்டர் டேங்க், வாயு சேரச் சேர மேலே ஏறும் டிரம் இதுதான், இது புதுசு, 4,800. சாணம் கரைத்து ஊற்ற 3 இஞ்ச் பைப், கழிவு வெளியேற இன்னொன்று, டேங்க் நிப்பிள், வளைவு, சொல்யூஷன் எல்லாம் 1,450. கீழே மட்டமான தளம் போட்டுக் கொத்தனார் கூலியுடன் 2,000. வாயுக் குழாய், வால்வு 900. பழைய ஒற்றை அடுப்பு 650, அதற்கு ஜெட் கடைய லேத்தில் 100. பிற்பாடு வந்த கிரேட் நான்கு, 480. பிஹெச் பேப்பர், எம்சீல், காஸ்டிக், சில்லறைச் சாமான் 700.

அறுக்கும்போது ஒரு தப்பு. ஜிக்சா இல்லாமல் ஹேக்சா பிளேடைக் கையில் துணி சுற்றிப் பிடித்து அறுத்தேன். வட்டம் கோணலாகி, டிரம் ஏறும்போது ஒரு பக்கம் உரசியது. மறுநாள் ஜிக்சா வாடகைக்கு எடுத்து 2 செ.மீ. கீழே மறுபடி அறுத்தேன். 150 ரூபாய் வாடகைக்குக் கணக்குப் பார்த்ததில் ஒரு நாள் போனது.

உள் டேங்க்கின் உள்விட்டம் 94 செ.மீ. அப்படியென்றால் டிரம் 10 செ.மீ. ஏறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வாயு. டிரம்மின் வெளிப்பக்கம் மார்க்கரால் செ.மீ. கோடு போட்டு விட்டேன். மீட்டர் எதுவும் வேண்டாம், காலையில் பல் விளக்கிக்கொண்டே படித்துவிடலாம். இந்த வேலையில் நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இந்தக் கோடுகள்தான். பிற்பாடு என் பொய்யையெல்லாம் இதுதான் பிடித்துக் கொடுத்தது.

முதல் நிரப்பு: சாணம் 250 கிலோ, அதே அளவு தண்ணீர், அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாண எரிவாயுக் கலனிலிருந்து 20 லிட்டர் கழிவுக் கரைசல், தயிருக்கு உறைமோர் மாதிரி. மிச்சத்துக்குத் தண்ணீர். பத்தாம் நாள் டிரம் ஏறியது. முதல் இரண்டு முறை ஏறிய வாயுவைத் திறந்துவிட்டுவிட வேண்டும். அதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம், பற்றாது. காற்று கலந்திருப்பதால் பற்றவைத்துப் பார்ப்பதும் ஆபத்து. ஒரு மாதத்தில் தினம் 5 கிலோ சாணத்துக்கு 29 செ.மீ. என்று நிலைத்தது. அதாவது 200 லிட்டர். இதுதான் என் அடிக்கோடு. இதற்கு மேல் வருவதெல்லாம் பஞ்சின் கணக்கு.

அடுப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் ஒரு வாரம் தின்றது. சிலிண்டர் அடுப்பின் ஜெட் ஓட்டை ஊசிமுனை மாதிரி இருக்கும். இந்த வாயுவுக்கு அழுத்தமும் குறைவு, எரிகிற சக்தியும் குறைவு. அந்த ஓட்டை போதாது. லேத்தில் 1.5 மி.மீ. கடைந்தேன், சுடர் சாகிறது. 3 மி.மீ. ஆக்கினேன், சுடர் பர்னரை விட்டு எம்பி அணைகிறது. 2.2-இல் சரியாக நின்றது. காற்று போகும் வளையத்தை முக்கால்வாசி மூடிவிட வேண்டும். அழுத்தத்துக்கு டிரம் மேல் செங்கல். கண்ணாடி டியூபை வளைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன்: வெறும் டிரம்முக்கு இரண்டரை செ.மீ., 40 கிலோ செங்கல் வைத்தபின் 8 செ.மீ. அந்த எட்டில்தான் நீலச் சுடர்.

ஒருநாள் திடீரென்று சுடர் துள்ளித் துள்ளி எரிந்து அணைந்தது. ஜெட்டைக் கழற்றி, வால்வைக் கழற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாயிற்று. கடைசியில் பார்த்தால் குழாய் தொங்குகிற இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கிறது. ஈர வாயு, ராத்திரிக் குளிரில் வியர்த்துவிடுகிறது. தாழ்வான இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு பாட்டில் மாட்டியபிறகு அந்தத் தொல்லை இல்லை. அழுகல் முட்டை நாற்றத்துக்கு, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் துருப்பிடிக்க வைத்து இன்னொரு பாட்டிலில் அடைத்தேன். இரண்டு மாதத்தில் கரிக்கட்டையாகக் கறுத்துவிட்டது. எடுத்துக் கல் மேல் காயப்போட்டேன்; கொஞ்ச நேரத்தில் தொட்டால் சுடுகிறது. காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

இனித் துணி. கட்டிங் வேஸ்ட், கழித்துப் போட்ட டிஷர்ட் என்று கலர் கலராக 5 கிலோ, பிடிப்பிடியாகக் கிழித்து உள்ளே போட்டேன். கலக்குகிற கம்பியில் அது சுற்றிக்கொண்ட விதம் இருக்கிறதே, பட்டிமாட்டுக் கயிறுகூட அப்படிச் சிக்காது. கோடுகள் ஏறவில்லை. முதல் மாதம் 29, 30, 29. நானாக 31 என்று எழுதிக்கொண்ட நாட்களும் உண்டு. இரண்டு மாதம் கழித்து டிரம்மைத் தூக்கிக் கம்பியால் துழாவினேன். ஒரு கை கிடைத்தது. கை என்றால் டிஷர்ட்டின் கை. துணி பாதி இல்லை, சல்லடை மாதிரி ஓட்டை. சில துண்டுகளில் துணியே இல்லை. ஆனால் ஓவர்லாக் தையல் மட்டும் வளைவு கெடாமல், தோள் இருந்த இடத்தில் தோளாக, மணிக்கட்டு இருந்த இடத்தில் வட்டமாக நிற்கிறது. பாலியெஸ்டர் நூல். எலும்புக்கூடு. ரப்பராக நெளிந்து கிடந்தது லைக்ரா. மாட்டுச் சாணத்துக்குப் பருத்தி எது பாலியெஸ்டர் எது என்று எந்த லேப்பையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாயத்துணியை இனிப் போடுவதில்லை என்று முடிவெடுத்தது அதனால் மட்டுமில்லை. வெளியே வருகிற கரைசல் தென்னைக்குத்தான் போகிறது. நொய்யல் ஆற்றில் எந்தச் சாயக் கழிவு ஓடியது, ஒரத்துப்பாளையம் அணையில் என்ன தேங்கியது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என்ன பேசிக்கொண்டோம் என்பதெல்லாம் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அதில் கொஞ்சத்தை நானே பக்கெட்டில் கரைத்து என் தோட்டத்தில் ஊற்றுவானேன்? வெள்ளை கட்டிங்குக்கோ நல்ல விலை இருக்கிறது, அதை விற்று சிலிண்டரே வாங்கிவிடலாம்.

அப்படித்தான் தூசிக்கு வந்தேன். முதல் மூட்டை ஒரு ஓஇ மில்லில் வாங்கியது. "தூசி தானுங்களே, எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்குங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தீக்குச்சி காட்டினேன். மில்காரனுக்குப் பழக்கமான சோதனை: பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகும். நிறைய மணிகள். கழிவுப் பஞ்சை ஓட்டுகிற மில்லின் தூசி, கழிவின் கழிவு. அதில் எல்லாமும் இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரடியாக பேல் உடைக்கிற ஒரு மில்லின் ப்ளோரூம் தூசி வாங்கினேன். இதுவும் இலவசம், டெம்போ வாடகைதான். 100 கிராமை இரும்புச் சட்டியில் எரித்தால் 14 கிராம் சாம்பல், பெரும்பாலும் மண். மணி இல்லை.

உள்ளே போட்ட கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 10 கிலோ தூசியை அப்படியே கரைத்து ஊற்றப் பார்த்தேன். கரைந்தால்தானே. பச்சைப் பஞ்சில் மெழுகு இருக்கிறது, தண்ணீரே ஒட்டாது. சாயப்பட்டறையில் முதல் வேலையாகக் காஸ்டிக்கில் வேகவைப்பது எதற்கு என்று 11 வருஷ மில்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. 3 இஞ்ச் பைப் இரண்டாவது பக்கெட்டில் அடைத்துக்கொண்டது. மூங்கில் கழியால் குத்திக் குத்தி இறக்கினேன். பத்து நாளில் தூசி முழுக்க மேலே மிதந்து, சாணத்தோடு சேர்ந்து ஒரு அடி தடிமனுக்கு மெத்தையாகிவிட்டது. மேலே காய்ந்து, அடியில் நுரைத்து, டிரம் அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. செங்கல் எல்லாம் சரிந்து கீழே விழுந்தது. வாயு அந்த மெத்தையைத் துளைத்துக்கொண்டு வரமுடியாமல் ஓரச் சந்து வழியாக வெளியே போயிற்று.

இதை எடுத்து வெளியில் போட இரண்டு நாள், மண்வெட்டி ஒன்று, திட்டு எத்தனையோ. அம்மா மாடு கட்டுகிற கட்டுத்தரையிலிருந்தே கேட்டாள்: "ஏங்கண்ணு, ஊரெல்லாம் சாணிய வெச்சு அடுப்பெரிக்குது. நீ எதுக்கு அதுக்குப் பஞ்சத் தின்னக் குடுக்கறே?"

அடுத்தது காஸ்டிக். 5 கிலோ தூசி, 50 லிட்டர் தண்ணீர், 1 கிலோ காஸ்டிக் சோடா, ஒரு ராத்திரி ஊறல். மறுநாள் பார்த்தால் அருமை. நார் தண்ணீரைக் குடித்துத் தொளதொளவென்று அடியில் படுத்துவிட்டது. இரண்டு தடவை அலசினேன், போதும் என்று நினைத்தேன். உள்ளே போட்ட மூன்றாம் நாள் பிஹெச் 8.5, அதாவது காரத்தன்மை கூடிவிட்டது. வாயு நின்றது. 12 நாள் ஒரு கோடுகூட ஏறவில்லை, பிறகு தானாகவே மெல்லத் தேறியது. அலசிய தண்ணீரையும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஒரு வாரம் வேறொரு டிரம்மில் வைத்திருந்தேன். காஸ்டிக் வேலை செய்யும், ஆனால் எனக்கு வேண்டாம். கையில் இரண்டு கொப்புளம் மிச்சம்.

வழி கிடைத்தது கலனுக்கு வெளியில். அந்த ஒரு அடி மெத்தையை வெட்டிப் போட்டேன் அல்லவா, அது தென்னைக்கடியில் மூன்று வாரமாகக் கிடந்தது. ஒருநாள் காலில் இடறியது, குனிந்து ஒரு பிடி எடுத்தேன். மிக்ஸிங்கில் பஞ்சைப் பார்க்கிறவன் கை சும்மா இருக்காது. இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்து நார் நீளம் பார்க்கும். இழுத்தேன். நார் வரவே இல்லை. நனைந்த பீடி மாதிரி பிய்ந்துகொண்டு வந்தது. கறுத்து, மெழுகு போய், தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போனது. நான் காஸ்டிக் வாங்கிச் செய்ய நினைத்ததைச் சாணக் கரைசலும் வெயிலும் சும்மாவே செய்து வைத்திருந்தன.

அதற்கப்புறம் முறையாக ஒரு குழி. 4 அடிக்கு 3 அடி, ஆழம் ஒன்றரை அடி, அடியில் தார்ப்பாய். தூசி 20 கிலோ. கொட்டும்போது முகத்தில் ஈரத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்; மில்லில் இந்தத் தூசியைச் சுவாசித்தே திங்கட்கிழமை காலை நெஞ்சடைக்கிறது என்று சொல்கிறவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். கொட்டியவுடன் கலனிலிருந்து வந்த கரைசலை ஊற்றி மிதிக்க வேண்டும், திராட்சை மிதிக்கிற மாதிரி இல்லை, செங்கல் மண் மிதிக்கிற மாதிரி. கரைசல் 80 லிட்டர் பிடித்தது. பஞ்சில் தழைச்சத்து கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, வெறும் மாவுபோலத்தான். கிருமிக்கு அது பற்றாது. அதற்காகப் பக்கத்துப் பண்ணையில் கோழி எரு ஒரு மூட்டை வாங்கிக் கலந்தேன். இரண்டாம் நாள் அம்மோனியா கண்ணைக் கரித்தது, ஈ மொய்த்தது. "ஏனுங்க, இதை இங்க வெச்சுக்கறதா, நான் இங்க இருக்கறதா?" என்று வீட்டில் ஒரே கேள்விதான். கோழி எரு போயிற்று. அதற்குப் பதில் தினம் 3 லிட்டர் மாட்டு மூத்திரம், கட்டுத்தரைச் சரிவில் பக்கெட் வைத்துப் பிடித்தது. மூன்றாம் நாள் குழிக்குள் கை வைக்க முடியாத சூடு. ஆறாம் நாள் ஒருமுறை புரட்டினேன். பத்தாம் நாள் பெருவிரல் சோதனை. பிய்ந்தது.

மிதப்பதற்கு மருந்து தக்காளி கிரேட். ஒவ்வொன்றிலும் வெங்காயச் சாக்கு வலை விரித்து, ஊறிய தூசியை அமுக்கி, வாயைத் தைத்து, மேலே இன்னும் ஒரு வலை கட்டி, இரண்டு கருங்கல் வைத்துப் பிணைத்தேன். உலர் கணக்கில் கிரேட்டுக்கு 5 கிலோ. இரண்டு இரண்டாக அடுக்கினால் டிரம் வட்டத்துக்குள் சரியாக அடங்குகிறது. "சரியாக" என்று எழுதுவது எளிது. முதல் தடவை ஒரு கிரேட்டின் மூலை ஒரு இஞ்ச் வெளியே துருத்திக்கொண்டிருந்து, டிரம் இறங்கும்போது அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. மறுபடி தூக்கி, நகர்த்தி, கயிறு போட்டு நான்கையும் ஒன்றாகக் கட்டினேன். கயிற்று நுனியை வெளியே விட்டு வைக்கவேண்டும். ஈரத்தோடு ஒரு கிரேட் 40 கிலோ வருகிறது, பிடி இல்லாமல் அதை வெளியே எடுக்க முடியாது.

தினம் சாணம் 5 கிலோ பழையபடியே. முதல் நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் 31. நான் கூட்டி எழுதவில்லை, மனைவியைக் கூப்பிட்டு அவளையே படிக்கச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் 45. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை 54, அதாவது 375 லிட்டர். அடிக்கோட்டைவிட 175 லிட்டர் கூடுதல். அப்புறம் மெல்ல இறங்கி நாற்பத்தைந்தாம் நாள் 33. கூடுதலாக வந்ததையெல்லாம் கூட்டினால் 4,500 லிட்டர். கிலோ தூசிக்கு 225. சுத்தமான செல்லுலோஸ் ஒரு கிலோ முழுக்கச் செரித்தால் 830 லிட்டர் வரவேண்டும் என்பது கணக்கு. மண்ணும், குழியிலேயே சூடாகப் போனதும், ஓரச் சந்தில் கசிந்ததும், இன்னும் செரிக்காமல் கிடப்பதும் மிச்சத்துக்குப் பொறுப்பு. கிரேட்டை எடுத்து மிஞ்சியதைக் காயவைத்தால் 9 கிலோ. மெத்தை இல்லை, சாய்வு இல்லை, பைப் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

இதைப் பணமாகப் பார்த்தால் சிரிப்பு வரும். 4,500 லிட்டர் என்பது சுமார் 2 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 127 ரூபாய். 45 நாளுக்கு. குழி வெட்டி, மிதித்து, மூத்திரம் பிடித்து, 40 கிலோ கிரேட்டைத் தூக்கி. அடுப்புக் கணக்கில் சொன்னால் சாணத்தில் அரை மணி நேரம் எரிந்தது, தூசி சேர்ந்து சராசரியாக முக்கால் மணி நேரம் எரிகிறது. அந்தக் கால் மணியில் காலை டீயும் சாயங்காலப் பாலும் முடிகிறது. இரண்டு மாட்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாதவனுக்கு அது மூன்றாவது மாட்டின் வேலையில் ஒரு பங்கு. தீவனம் இல்லாத மாடு. இதைப் பெரிதாகச் செய்ய வேண்டியது நான் இல்லை, பின்னால் மலை மாதிரி தூசி குவிந்திருக்கிற மில்தான். அங்கே கேன்டீன் இருக்கிறது, அண்டா கணக்கில் சோறு வடிக்கிறார்கள்.

மறுபடி கட்டினால் சிலதை மாற்றுவேன். பைப் 3 இஞ்ச் இல்லை, 4. வெளி டேங்க்குக்கும் உள் டேங்க்குக்கும் நடுவில் இருக்கிற 7 செ.மீ. சந்து அதிகம், அங்கே குமிழி வந்து வெடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அத்தனையும் நஷ்டம். டிரம் தூக்க மேலே ஒரு கர்டரும் செயின் பிளாக்கும். கிரேட் மாற்றுகிற நாள் மூன்று பேர் வேண்டியிருக்கிறது, அதில் இரண்டு பேருக்கு நான் இன்னும் டீ பாக்கி. மார்கழியில் எப்படி ஏறும் என்று பார்க்கவேண்டும், குளிரில் சாணம் மட்டுமே 29-இலிருந்து 20-க்கு இறங்கியது ஞாபகம் இருக்கிறது. ஆடிக் காற்றில் அடுப்பு அணையாமல் இருக்க ஜன்னல் பக்கம் ஒரு தகரம் அடித்திருக்கிறேன், தற்காலிகமாக.

இரண்டாவது குழி நேற்று போட்டேன், 20 கிலோ. மில்லில் அள்ளும்போது பழைய சூப்பர்வைசர் அண்ணன் வந்து நின்று பார்த்தார். "இன்னுமா இதை அள்ளிட்டுப் போறே? என்னத்துக்கு?" என்றார். பால் காய்ச்ச என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையின் மறுமுனையைப் பிடித்து டெம்போவில் ஏற்றிவிட்டார்.